முதுகில் போடும் ஊசியும் மூளையில் வைக்கும் செல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோய்க்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) சிகிச்சை வந்துவிட்டதாகத் தங்கள் இதழில் படித்தேன். நாங்கள் செங்கோட்டைக்குப் பக்கத்தில் புளியரை. இங்கே நடுக்குவாதம் என்போம். கோட்டைவாசல் தாண்டிக் கேரளத்துக்குள் போனால் விறவாதம் என்பார்கள். என் கணவருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது.

அவர் தையற்காரர். முதலில் கை நடுங்கவில்லை. அளவு நோட்டில் எழுதும் எண்கள்தான் மாதத்துக்கு மாதம் கடுகாகச் சிறுத்தன. கண்ணாடி மாற்றச் சொன்னேன்! இப்போது அவர் சட்டைக்கு நான்தான் பட்டன் போட்டுவிடுகிறேன். காலை மாத்திரை பிடிக்க அரை மணி நேரமாகும். அதுவரை கட்டில் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

போன ஐப்பசியில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள்: இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து முதுகுத்தண்டில் ஊசி போட்டால் நடுக்கம் நின்றுவிடும், நான்கு லட்சம். ஜப்பான்காரர்கள் செய்ததாக ஒரு பத்திரிகைத் துண்டைக் காட்டினார்கள். தாலிக்கொடி நீங்கலாக எல்லாவற்றையும் அடகு வைக்கத் துணிந்துவிட்டேன். திருவனந்தபுரத்தில் நாங்கள் பார்க்கும் டாக்டர்தான் தடுத்தார். தமிழும் மலையாளமுமாக ஒரு மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

இந்த நோயில் சாவது, உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற பொருளை மூளையின் ஆழத்தில் சுரக்கும் செல்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல்லை, அந்த வகைச் செல்லாக மாறும் பருவம் வரை ஆய்வகத்தில் வளர்த்து, மண்டையில் துளையிட்டு, டோபமின் போய்ச்சேர வேண்டிய இடத்திலேயே வைத்திருக்கிறார்கள். உடல் அதைத் தள்ளிவிடாதிருக்க ஒரு வருடத்துக்கு மேல் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. அந்த ஆய்வில் இதை வைத்துக்கொண்டது மொத்தம் 7 பேர். அமெரிக்கா, கனடாவில் இன்னொரு வகைச் செல்லோடு 12 பேர். 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் இரண்டும் வெளியாயின. பெரிய தீங்கில்லை, சிலருக்கு நடமாட்டம் தேறியது. ஆனால் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்க்க, செல் வைக்காத வேறு குழு இல்லை. தேறியது செல்லாலா, வெறும் நம்பிக்கையாலா என்று அப்படி ஒப்பிட்டால்தான் தெரியும். அது ஏன் முக்கியம் என்பதற்கு டாக்டர் பழைய ஆய்வு ஒன்றைச் சொன்னார். 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 40 பேரில் பாதிப் பேருக்குக் கருவின் திசுவை வைத்து, மீதிப் பேருக்கு வெறும் துளை மட்டும் போட்டார்களாம். திசு வைத்தவர்களில் சிலருக்கு, மாத்திரையைக் குறைத்த பிறகும் கைகால் தானாக முறுக்கி ஆடியது.

முதுகில் போடும் மஜ்ஜை ஊசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பெயரில் ‘ஸ்டெம் செல்’ இருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி இந்நோய்க்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே தரலாம், ஆய்வுக்கு வருபவரிடம் காசு வாங்கக் கூடாது. அரசுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்கு எண்ணும் இருக்க வேண்டும். இதை நான் அந்தக் கிளினிக் படியேறும் முன் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

அடுத்த முறை இச்செய்தி போடும்போது, ஆய்வாக மட்டுமே தரலாம், காசு வாங்கக் கூடாது என்ற இந்த இரண்டு வரியையும் பெரிய எழுத்தில் சேர்த்துப் போடுங்கள். உங்கள் செய்தியை என் கணவர் கத்தரித்து அளவு நோட்டுக்குள் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புளியரை