கப்பல் வேலைக்குப் பணம் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி சரக்குக் கப்பலின் உரிமையாளர் ஒரு நிறுவனம். ஆள் வைத்து நிர்வகித்தது வேறொரு நிறுவனம். வாடகைக்கு எடுத்திருந்தது மெர்ஸ்க் என்ற இன்னொரு நிறுவனம். மாலுமிகளோ பெரும்பாலும் இந்தியர். கப்பல் தொழிலே இப்படித்தான்; ஒரு கப்பலுக்குப் பின்னால் பல நிறுவனங்கள் இருக்கும், வேலைக்கு ஆள் எடுப்பது யார் என்பது எளிதில் புரியாது. இது தெரியாமல் நம் பிள்ளைகள் ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் கொடுத்து ஏமாறுவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. வேலை வாங்கித்தர மாலுமியிடம் கட்டணம் வசூலிக்கவே கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. கப்பல் முதலாளி மாலுமியை நடுவில் கைவிட்டால், நான்கு மாதம் வரையிலான சம்பள பாக்கிக்குக் காப்பீடும் உண்டு. யாராவது கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்றால், மாலுமிகளை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமத்தை முதலில் கேளுங்கள்; உரிமம் இருந்தாலும் பணம் கட்டாதீர்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைத் தூத்துக்குடி, ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகங்களில் தமிழிலேயே ஒட்டி வைக்கலாமே?

– ஒரு வாசகர், தூத்துக்குடி