கேஸ் எண்ணிக்கையை விடுத்துச் சந்திப்பைக் கவனிக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: பேருந்து நிலையச் சந்திப்புப் பகுதி மக்கள் மற்றும் ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர்கள்.

பெறுநர்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: போக்குவரத்துக் காவலர்களுக்கு வாய்மொழியாக விதிக்கப்படும் தினசரி வழக்கு இலக்கை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: குறைதீர் நாளில் அளித்த இரு மனுக்கள் (ரசீது நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முந்தைய இரு மனுக்களுக்கும் "நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற குறுஞ்செய்தி மட்டுமே வந்தது. எனவே மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. இலக்கு என்று எந்தக் கோப்பிலும் இருக்காது என்பது எங்களுக்குத் தெரியும். காலை ரோல்காலில் (வருகைக் கணக்கெடுப்பில்) "நேத்து எத்தனை கேஸ்?" என்ற கேள்வி. மாலையில் வாட்ஸ்அப் குழுவில் ஹெல்மெட் இத்தனை, டிரிபிள்ஸ் (ஒரே பைக்கில் மூவர்) இத்தனை என்று பட்டியல். குறைந்தவருக்கு வயர்லெஸ் மைக்கில் ஊரறிய ஏச்சு. இதற்கு இலக்கு என்று பெயரில்லை என்றால் வேறு என்ன பெயர் ஐயா?

2. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காவலர் சுலபமான கேஸைத்தான் எழுதுவார். ஹெல்மெட் இல்லையென்றால் (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 194டி) ஒரு படம், வண்டி எண், இ-சலான் மெஷினில் சில தட்டல்கள், முடிந்தது. குடிபோதை கேஸ் (பிரிவு 185) அப்படியல்ல. ஊதவைத்து, 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டியதற்குச் சீட்டு எடுத்து, வண்டியை நிலையத்தில் சேர்த்து, கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். மாலைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்.

3. எங்களை வதைப்பது இதுதான். சந்திப்பைத் தாங்கள் அறிவீர்கள். காலை 8.15 முதல் 9.30 வரை, பள்ளிப் பேருந்துகள் வலப்புறம் திரும்பும் நேரம். நேரம் குறித்துவைத்த பச்சை விளக்குக்குள் ஒரு பேருந்துதான் திரும்பும். அடுத்தது நடுச்சந்திப்பில் நின்றுவிட, எதிரே வரும் டவுன் பஸ் அதன் மூக்கில் முட்டி நிற்கும். இதைப் பிரிக்க ஒரே வழி, சிக்னல் பெட்டியைத் திறந்து மேனுவலுக்கு மாற்றி, பேருந்துகள் போகும்வரை பச்சையைப் பிடித்து வைப்பது. பெட்டியின் சாவி காவலரிடம். காவலர் எங்கே? புறவழிச் சாலை இறக்கத்தில், வளைவுக்கு அப்பால், மரத்தடியில். அங்கேதான் கேஸ் கிடைக்கும். சந்திப்பில் பேருந்தைப் பிரித்துவிட்டால் யார் கணக்கிலும் ஏறாதே! இதைவிடக் கொடுமை, வளைவில் திடீரென்று காக்கியைக் கண்டவர்கள் வண்டியைத் திருப்பி ராங் சைடில் பள்ளி வாசலை நோக்கியே வருகிறார்கள். பிள்ளைகள் சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடு அங்கேதான் இருக்கிறது. ஹெல்மெட் அவசியம், மறுக்கவில்லை. அதைப் பள்ளி மணி அடித்த பிறகு பிடிக்கக் கூடாதா?

4. மாதக் கடைசியில் அவசரம் கூடும். பிழையும் கூடும். வண்டி எண்ணில் 8-ஐ 3 என்று தட்டினால் எங்கோ நிற்கும் வண்டிக்கு அபராதம். வண்டியை விற்கப் போகும்போதுதான் உரிமையாளருக்கே தெரியும்.

5. அமெரிக்காவின் கலிஃபோர்னியா வாகனச் சட்டத்தில் 41602-ஆம் பிரிவு இத்தகைய இலக்கையே தடை செய்கிறது. இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தங்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

கோருவது: மாலைப் பட்டியலில் கேஸ் எண்ணிக்கையை நீக்கி, எந்தச் சந்திப்பில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நின்றார் என்று கேட்க உத்தரவிடுங்கள். பள்ளி நேரத்தில் இறக்கத்துச் சோதனை வேண்டாம். குறைந்த கேஸுக்காக யாரையும் மைக்கில் திட்ட வேண்டாம்.

மூன்றாம் முறையாகக் கேட்கிறோம். காலை எட்டேகாலுக்குச் சிக்னல் பெட்டி அருகே, சாவியோடு, ஒரே ஒரு காவலரை நிறுத்துங்கள் ஐயா. இம்முறை பதிலை எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்திப்புப் பகுதி மக்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)