புது ஷாக்கப்சர் வாங்குமுன் இதைப் படி

கோத்தகிரி,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது, சனி ஞாயிறுக்கு வந்துவிடுகிறாள். மற்ற கதையெல்லாம் அப்புறம். வண்டி பின்னால் கீச்சுகீச்சென்று கத்துகிறது, சம்பளம் வந்ததும் இரண்டு ஷாக்கப்சரையும் மாற்றப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, தயவுசெய்து இப்போது வாங்காதே. போன வருஷம் நான் அதைத்தான் செய்தேன்.

அப்பா ஓட்டிய அதே நூறு சிசி வண்டிதான், 1993 மாடல். பள்ளத்தில் இறங்கினால் சீட்டுக்குக் கீழே இடது பக்கம் கிறீச்சென்று கத்தும். புது ஜோடி மாட்டினேன். நாலு நாளில் அதே குரல். யோசித்துப் பார்த்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி வாயே திறக்கவில்லை. தை பிறந்து வெயில் காய ஆரம்பித்த பிறகுதான் சத்தம். எங்கேயோ கிரீஸ் வற்றிய இடத்தில் மழைத்தண்ணீர் எண்ணெய் வேலை பார்த்திருக்கிறது! காய்ந்ததும் துருவை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

உன் தங்கச்சியைச் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழச் சொன்னேன். நீள ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை ஒவ்வோர் இடமாக ஊன்றிக் கேட்டேன். ஷாக்கப்சரின் மேல் போல்ட்டில் லேசாக, கீழ் போல்ட்டில் அதைவிட லேசாக. ஃபுட்ரெஸ்டுக்குப் பின்னால் ஸ்விங் ஆர்ம் போல்ட் இருக்கிறதே, பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும் இரும்புக் கை பிரேமில் சேரும் இடம், அதில் வைத்தேன், காதுக்குள்ளேயே கத்தியது. இரும்பு பிரேம் சத்தத்தை எங்கேயோ கொண்டுபோய் விடுகிறது, மாப்ளே. வெறும் காதை நம்பக் கூடாது.

அப்புறம் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சக்கரத்துக்குக் கீழே கட்டை கொடுத்து, இரண்டு ஷாக்கப்சரையும் கழற்றி ஓரமாக வைத்தேன். சக்கரத்தைக் கையால் தூக்கி இறக்கினால் அதே கீச்சு. ஷாக்கப்சரே இல்லாமல் கத்துகிறது என்றால் அதன்மேல் எப்படிப் பழி போட முடியும்? ஆர்மின் வால் பக்கத்தைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினேன். டக் டக்கென்று ஆட்டம் இருந்தது. எனக்கு வயிறு கலங்கியது அப்போதுதான். அந்த ஆட்டத்தோடுதான் பெரியவளைப் பின்னால் உட்கார வைத்துக் குஞ்சப்பனை வளைவுகளில் மேட்டுப்பாளையம் வரை இறங்கியிருக்கிறேன். வளைவில் பின்சக்கரம் தனியாக நகர்வது போல இருந்ததை டயர் தேய்மானம் என்று நினைத்திருந்தேன்.

போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரண்டு ராத்திரி ஊறவிட்டேன். நட்டை முனைக்குச் சமமாகத் திருகி வைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டினேன். நேராகச் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும், அப்புறம் அது வராது. வெளியே வந்ததும் காபித்தூள் மாதிரி துரு கொட்டியது. பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப் போயிருந்தது. உள்ளே இருந்த இரும்புக் குழலில் விரல் நகம் தட்டுகிற அளவுக்குத் தேய்ந்த பள்ளம்! லேத் பட்டறையில் கொடுத்துப் புது புஷ் (அந்தக் குழல் உள்ளே சுழலும் உறை) இறக்கி, புதுக் குழல் போட்டு, கிரீஸ் வைத்துப் பூட்டினேன். அன்றிலிருந்து சத்தம் இல்லை.

உன் வண்டி வேறு மாடல், அதனால் ஒன்றைக் கவனி. சில வண்டிகளில் அந்த இடத்தில் இரும்போடு ஒட்டிய ரப்பர் புஷ் இருக்கும். அதற்கு கிரீஸ் வைக்காதே, ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். அந்த ரகமாக இருந்தால் சக்கரம் தொங்கும்போது நட்டை முறுக்காதே. வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் உட்கார்ந்த பிறகு முறுக்கு. இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஷாக்கப்சரின் இரண்டு முனையிலும் போல்ட் நுழையும் கண்களில் இருக்கும் ரப்பர்தான் கத்துகிறதா என்று பார்க்கச் சோப்புத்தண்ணீர் போதும். ஒவ்வொன்றாகத் தெளித்து ஆட்டிப் பார். எதில் தெளித்ததும் சத்தம் அடங்குகிறதோ அதை மட்டும் மாற்று. கண்ட இடத்திலும் எண்ணெய் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அது வழிந்து பிரேக் டிரம்முக்குள் போனால் என்ன ஆகும்? ஷாக்கப்சர் தண்டில் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ, அமுக்கி விட்டதும் நாலு முறை துள்ளினாலோ தாராளமாக ஜோடியாக மாற்று, நான் குறுக்கே நிற்கமாட்டேன். செயின் கவர், பிரேக் ராடு, சீட்டின் அடி ரப்பர் இவற்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடு.

ஸ்க்ரூடிரைவரில் எங்கே சத்தமாகக் கேட்டது என்று உடனே எழுது. ஸ்விங் ஆர்ம்தான் என்றால் பஸ்ஸில் ஆர்மை மட்டும் தூக்கிக்கொண்டு வா. அதே லேத்காரரிடம் போகலாம், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகலாம். அம்மாவுக்குச் சொட்டு மருந்து விட யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு கிளம்பு.

உன் வரவை எதிர்பார்க்கும்
நண்பன்