333-இல் ஓடுகிறது: ஒரு நன்றி மடல்

நண்பர்களே,

என் பிஎஸ்பி (சோனியின் கையடக்க கேம் கருவி) பிழைத்துவிட்டது. சிப்பின் முழு வேகமான 333 மெகாஹெர்ட்ஸில், சார்ஜர் செருகாமல், சேவ் செய்கிற நேரத்திலும் அணையாமல் ஓடுகிறது. தங்கையின் சேவ் கோப்புகளும் திரும்பக் கிடைத்துவிட்டன. போன வாரம் நான் வேகத்தை 333-க்கு ஏற்றப்போய், சேவ் செய்யும்போதே அது அணைந்து, தங்கையின் சேவ் கோப்புகள் போன கூத்து உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நேராக நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணனுக்கு. அவர் இருப்பது கேம் கடையில் இல்லை, சிசிடிவி கேமரா விற்கும் கடையில். அந்தத் தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் ஒரே கேள்வி: “ஓவர்க்ளாக் பண்ணீங்களா?” (சிப்பை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்க்ளாக்.) ஆமாம் என்றதும் “அப்ப போர்டு போச்சு” என்று கருவியைத் திருப்பிக் கையில் கொடுத்துவிடுவார்கள், திறந்துகூடப் பார்க்காமல். வெயிலுக்கு ஒரு கடையின் நிழலில் ஒதுங்கி நின்றபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: “என்ன தம்பி, பிஎஸ்பி ஸ்லிம்மா அது?” (பிஎஸ்பியின் மெல்லிய மாடல்தான் ஸ்லிம்.)

கேட்டவர் கல்லாவில் இருந்தவர் இல்லை, வேலைக்கு இருப்பவர். சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தார். அதை மூடி ஓரமாக வைத்துவிட்டு, என் கருவியை வாங்கினார். சார்ஜர் இருக்கிறதா என்றார். கொடுத்தேன். பாட்டரியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து, 333-க்கு ஏற்றி, எமுலேட்டரில் (பழைய கேம் கருவிகளைப் போல நடிக்கும் மென்பொருளில்) இருப்பதிலேயே கனமான ஆட்டத்தைப் போடச் சொன்னார். ஓடியது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.

“போர்டு நல்லாத்தான் இருக்கு தம்பி. வோல்ட்டேஜ் இல்லாத நேரத்துல மோட்டார் போட்டா வீட்டு லைட்டெல்லாம் மங்குதுல்ல, அதான் இது. பாட்டரிக்கு வயசாயிடுச்சு. 222-ல தாங்குது. 333 கேட்டா படுத்துடுது.”

யோசித்துப் பார்த்தால் 333 என்பது அந்தச் சிப்புக்குக் கூடுதல் சுமையே இல்லை. அது ஓட வேண்டிய வேகமே அதுதான். 2004-இல் ஜப்பானில் பிஎஸ்பி வந்தபோது ஆட்டங்களுக்கு 222 போதும் என்று சோனியே பூட்டி வைத்திருந்தது. பாட்டரியை மிச்சம் பிடிக்கத்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2007-இல் 3.50 ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) வந்தபோது பூட்டைத் திறந்துவிட்டது. நாம் கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனி அல்லாதவர்கள் மாற்றியமைத்தது) மெனுவில் 333 என்று வைப்பதும் அதே வேகம்தான். எமுலேட்டருக்கு அது வேண்டியும் இருக்கிறது. சூப்பர் நின்டெண்டோ என்ற பழைய கேம் கருவியின் சிபியு வெறும் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதன் படச் சிப்புகள், ஒலிச் சிப்பு என்று எல்லாவற்றையும் மென்பொருளாக நடித்துக் காட்டி, நொடிக்கு 60 ஃப்ரேம் தள்ள வேண்டும். (அந்த ஒலிச் சிப்பைச் செய்ததும் சோனிதான். சோனி பெற்ற பிள்ளையைப் போல நடிக்கத்தான் சோனியின் பிஎஸ்பியே இவ்வளவு திணறுகிறது!)

சரி, காரணம் தெரிந்தது. பாட்டரிக்கு எங்கே போவது? கடைகளில் 3600 எம்ஏஎச் (பாட்டரியின் கொள்ளளவு) என்று அச்சடித்து விற்பவற்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அண்ணன்தான் சொன்னார்: “நாளைக்கு வா. என்னோட பழைய ஃபேட் வீட்ல கிடக்கு. டிஸ்ப்ளே உடைஞ்சுபோச்சு, பாட்டரி மட்டும் நல்லா இருக்கு.”

போனேன். பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஸ்லிம்முக்கு உரிய பாட்டரி 1200 எம்ஏஎச், ஃபேட் எனப்படும் பழைய தடித்த மாடலின் இந்தப் பாட்டரி 1800. போட்டதும் 333-இல் நின்றது. பணத்தை நீட்டினேன், வாங்கவில்லை. “அதுல ஒரு ரேஸ் மட்டும் ஆடிட்டுத் தரேன்” என்றார். ஒரு ரேஸ் மூன்றானது. முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டும் “தோ வரேன்” என்று சொல்லிவிட்டு அந்தச் சுற்றை முடித்துத்தான் எழுந்தார். பெயரைக் கேட்க நினைத்தபோது ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ கேமரா மாட்டக் கிளம்பிவிட்டார்.

அப்புறம் மற்றவர்கள். மெமரி ஸ்டிக்கிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக மீட்டுக் கொடுத்த மச்சான், விடிய விடிய அவனுக்குத் துணையிருந்த நண்பர்கள், கார்டு ரீடர் கொடுத்த எதிர்வீட்டு அக்கா, “இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு வாங்கேன்” என்று ஒரு முறைகூடச் சொல்லாத அம்மா, எல்லோருக்கும் நன்றி. தங்கை இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்று ராத்திரி விட்ட இடத்திலிருந்து ஆட ஆரம்பித்துவிட்டாள், எனக்கு அது போதும்.

இனி எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு 333-இல் ஓட்டப் போவதில்லை. எந்த ஆட்டத்துக்கு 222 போதும், எதற்கு 266, எது 333 இல்லாமல் நகராது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறேன். கேம்பாய் அட்வான்ஸ் (நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கருவி) ஆட்டங்களில் பல 266-லேயே என் கண்ணுக்கு ஒழுங்காக ஓடுகின்றன. பட்டியல் முடிந்ததும் எல்லோருக்கும் அனுப்புகிறேன். சேவ் கோப்புகளை ஞாயிறுதோறும் கணினிக்கு நகல் எடுப்பதாகத் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் எடுத்து வையுங்கள்.

ஒரே ஒரு உதவி பாக்கி. அண்ணன் கொடுத்தது ஃபேட் பாட்டரி, தடிமன் அதிகம், ஸ்லிம்மின் பின்மூடி மூடமாட்டேன் என்கிறது. இப்போதைக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். பெரிய பாட்டரிக்கென்று வந்த புடைப்பு மூடி யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.