அம்மா படுத்திருந்த வீட்டுக்குள் வந்தவர்களுக்கு

மடத்து சிஸ்டர்மார் இருவருக்கும், குணமாகாத நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கிற பாலியேட்டிவ் சேவையின் ஜீப்பை ஓட்டுகிற அண்ணனுக்கும், பஞ்சாயத்து நர்ஸ் அக்காவுக்கும், எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்களுக்கும் வணக்கம்.

பேர் எதுவும் போடக்கூடாது என்று மூத்த சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் போடவில்லை. வண்டிப்பெரியாறு பக்கத்துத் தோட்டத்து ஜனங்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும்.

அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அம்மா கல்யாணமாகி கம்பத்திலிருந்து மலையேறியவர். கொழுந்து எடுத்தே எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். 2000 வாக்கில் பீர்மேட்டில் தேயிலைத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டியபோது எங்கள் தோட்டமும் பூட்டியது. அதற்கப்புறம் விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலக்காட்டு வேலை. மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு பக்கம், ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது இன்னொரு பக்கம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த எனக்குச் சேதி வந்து நான் ஓடி வந்தபோது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினோம். பரவிவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

லயத்து வீடு என்பது ஒரு அறை, ஒரு அடுப்படி. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். புண்ணின் வாடை முதலில் அறைக்குள் இருந்தது, அப்புறம் வாசலுக்கு வந்தது, அப்புறம் வரிசை முழுக்கத் தெரிந்தது. ஊதுபத்தி கொளுத்தினேன், டெட்டால் தெளித்தேன். இரண்டும் சேர்ந்து இன்னும் மோசமானது. அக்கம்பக்கத்தில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். கஞ்சி கொண்டுவருகிறவர்கள் வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். என் மகனே பாட்டியிடம் போகப் பயந்தான். அம்மா ஒரு நாள், “என்னய விறகுச் சாய்ப்புல போட்டுரு தாயி, நீங்களாவது வீட்டுக்குள்ள சோறு திங்கலாம்” என்றார். அந்தப் பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்கா சொல்லி நீங்கள் வந்தது அதற்கு மறுவாரம், அடைமழையில். ஜீப் மேலே ஏறவில்லை என்று பாலத்துக்கிட்டேயே விட்டுவிட்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தீர்கள். உள்ளே நுழைந்ததும் நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். மூக்கைப் பொத்துவார்களா என்று பார்த்தேன். மூத்த சிஸ்டர் நேராகப் போய்த் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அம்மாவின் கையைப் பிடித்து, “அம்மச்சி, நான் கொஞ்சம் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். அம்மாவிடம் அத்தனை மாதத்தில் அனுமதி கேட்ட முதல் ஆள் நீங்கள்.

அன்றைக்கு நீங்கள் கற்றுக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன், வேறு யாராவது வீட்டுக்கு உதவட்டும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைப்பது. புண்ணில் போட்ட பழைய துணிக்கட்டை அந்தத் தண்ணீரால் நன்றாக நனைத்து, ஊறின பிறகுதான் எடுப்பது. வறட்டென்று இழுத்தால் ரத்தம் கசியும், வலியும் உயிர் போகும். நானோ அதுவரை இழுத்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின் மேல் தூவுவது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிறார்களே, அதே மாத்திரைதான். வாடையை உண்டாக்குகிற கிருமியை அது கொல்லும் என்று சின்ன சிஸ்டர் விளக்கினார். (எந்தப் புண்ணுக்கு, எவ்வளவு என்பதை நர்ஸ் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீங்களாகத் தூவாதீர்கள்.) கடையில் பஞ்சும் காஸ் துணியும் வாங்க எங்களுக்கு வழியில்லை என்று சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் பழைய நூல் சேலையைத் துவைத்து, சதுரமாகக் கிழித்து, பாத்திரத்தில் மூடி குக்கரில் அவித்து எடுக்கக் காட்டித் தந்தீர்கள். இருபது வருஷம் கொழுந்துக்காட்டில் கட்டின சேலை அம்மாவின் புண்ணுக்கு மெத்தென்று பொருந்தியது.

நாலைந்து நாளில் வாடை குறைந்தது. பத்தாம் நாள் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெரியம்மா வாசலில் நிற்காமல் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தார். மறுநாள் இன்னும் இரண்டு பேர். பழைய மேஸ்திரி கதையெல்லாம் பேசிச் சிரித்தார்கள். என் மகன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். சிஸ்டர், நீங்கள் நோயைக் குணமாக்கவில்லை, அது முடியாது என்று முதல் நாளே ஒளிக்காமல் சொன்னீர்கள். ஆனால் எங்கள் வீட்டுக்குள் மனுஷர்களைத் திரும்பக் கொண்டுவந்தீர்கள். நான் நன்றி சொல்வது முக்கியமாக இதற்குத்தான்.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, வலி வந்தபிறகு அல்ல, வருவதற்கு முன்பே. ராத்திரி படுக்கும்போது இரட்டிப்பு, நடுவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மாத்திரை. “அது ஆளைத் தூங்கவைத்தே கொல்லும்” என்று சொந்தத்தில் சிலர் பயமுறுத்தினார்கள். நடந்தது வேறு. மூன்று மாதத்தில் முதல் முறையாக அம்மா ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கி, காலையில் பசிக்கிறது என்றார்.

தேனிப் பக்கம் இருக்கிற என் சொந்தங்கள் “இதெல்லாம் எப்படி வீட்டுக்கே வந்து தருகிறார்கள்?” என்று கேட்கிறார்கள். இந்தப் பாலியேட்டிவ் சேவை கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் கூட இருந்தவர்களும் தொடங்கினது. 2008-இல் கேரள அரசே இதற்கென்று கொள்கை கொண்டுவந்தது. இன்றைக்குப் பஞ்சாயத்து தோறும் வீட்டுக்கு வருகிற நர்ஸ் இருக்கிறார். எங்கள் பஞ்சாயத்து நர்ஸ் அக்கா மாதம் தவறாமல் வந்தார். இடைப்பட்ட நாட்களில் வாரம் இரண்டு முறை சிஸ்டர்மார் வந்தார்கள். யார் எந்தக் கிழமை வருவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டதால் ஒரு வாரம்கூட நாங்கள் தனியாக விடப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலர் என்னிடம் மறைமுகமாகக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் இருப்பது மாரியம்மன் படம். சிஸ்டர்மார் ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜெபம் செய்யட்டுமா என்று அம்மாவிடம் கேட்டார்கள், அம்மா சரி என்ற நாளில் செய்தார்கள், வேண்டாம் என்ற நாளில் தலைவாரிவிட்டுப் போனார்கள். குளிப்பாட்டி முடித்ததும் திருநீறு எங்கே என்று கேட்டு எடுத்துக் கொடுத்ததும் சின்ன சிஸ்டர்தான்.

கட்டு மாற்றும்போது அவர் பழைய கதைகள் சொல்வார். கன்னியாஸ்திரிகள் பிரசவம் பார்க்கக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே இருந்ததாம். ஆஸ்திரியாவில் பிறந்து ராவல்பிண்டியில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அன்னா டெங்கல், ஆண் டாக்டரிடம் காட்ட வழியில்லாமல் பெண்கள் சாவதைப் பார்த்து, 1925-இல் மருத்துவத்துக்கென்றே ஒரு கன்னியர் சபை தொடங்கினார். 1936-இல்தான் ரோம் அந்தத் தடையை நீக்கியது. அம்மா இதைக் கேட்டுவிட்டு, “நல்லவேளை தாயி, இல்லேன்னா நீ எனக்கு வந்திருக்க மாட்டியே” என்றார். பிரசவத்துக்கும் அம்மாவின் புண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் திருத்தப் போனேன். சின்ன சிஸ்டர் கண்ணாலேயே என்னைத் தடுத்துவிட்டு, “ஆமா அம்மச்சி” என்றார்.

ஜீப் அண்ணா, கடைசி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் செய்தேன், நீங்கள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பெரியம்மா, நீங்கள் மடித்துக் கொடுத்த வெற்றிலையின் காம்பு அம்மாவின் தலையணைக்கு அடியில் இருந்தது.

மிச்ச மாத்திரைகளை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா படுத்திருந்த தண்ணீர்ப் படுக்கை இப்போது கீழ் லயத்தில் ஒரு தாத்தாவுக்குப் போயிருக்கிறது. அவர் மருமகளுக்குத் துணி அவிக்கத் தெரியவில்லை என்று சின்ன சிஸ்டர் சொன்னார். அம்மாவின் சேலை இன்னும் இரண்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை குக்கரோடு நான் அங்கே போகிறேன்.