பாசி பக்கெட்டிலிருந்து வந்தது

வேலூர்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். கத்திரி முடிந்தும் வெயில் ஓயவில்லை, இதை உனக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை.

ரிட்டயர் ஆனதும் கடல்நீர்த் தொட்டி வைக்கப் போகிறேன் என்கிறாய். தாராளமாக வை. ஆனால் மீனையும் விளக்கையும் பற்றி இரண்டு பக்கம் கேட்டவன், தண்ணீரைப் பற்றி ஒரு வரி கேட்கவில்லையே! நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒன்றரை வருஷம் டூத்பிரஷ்ஷால் பாறை தேய்த்ததுதான் மிச்சம்.

என் தொட்டி 300 லிட்டர். செயற்கைப் பாறை, மென்பவளம் இரண்டு மூன்று, நாலு மீன். ஆறாவது மாதம் மணல் மேல் தவிட்டுப் பொடி தூவினது போலப் பழுப்புப் படலம். தொட்டி வைத்துக் கொடுத்தவர், "புதுத் தொட்டியில் வரும் சார், தானாகப் போயிடும்" என்றார். போனது. அடுத்து பாறையெல்லாம் பச்சை முடி போலப் பாசி முளைத்தது. கோட்டை அகழி பச்சையாகக் கிடப்பதைப் பார்த்து நாம் எத்தனை தடவை மூக்கைச் சுளித்திருப்போம்! அதே பச்சை என் வீட்டு ஹாலில். பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்து போட்டேன், நத்தை வாங்கி விட்டேன், மூன்று நாள் போர்வை போர்த்தி இருட்டடித்தேன். பத்து நாள் அடங்கும், மறுபடி வரும்.

காரணம் தொட்டிக்குள் இல்லை, தினமும் நான் தூக்கி ஊற்றிய பக்கெட்டில் இருந்தது. நம் ஊர் வெயிலுக்கும் ஃபேன் காற்றுக்கும் நாளைக்கு ஐந்து லிட்டர் ஆவியாகிறது. போவது வெறும் தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். அதனால் ஈடுகட்ட நல்ல தண்ணீர் ஊற்றுவோம். அந்த நல்ல தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ, அதுவும் தொட்டியை விட்டுப் போகாது, நாளுக்கு நாள் சேரும். நான் ஊற்றியது சமையலறை ஆர்.ஓ. தண்ணீர். ஒருநாள், கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை அதில் வைத்தால் 70 காட்டியது! திறந்து பார்த்தால், ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிட ஒரு வால்வு வைத்திருக்கிறான். குடிக்க அது சரி. தொட்டிக்கு? கணக்குப் போட்டேன்: வருஷத்துக்குச் சுமார் 125 கிராம். அவ்வளவும் பாசிக்குத் தீனி என்று சொல்லமாட்டேன். ஆனால் பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் அதில் அடக்கம். காலேஜ் லேபில் ப்யூரெட்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவியதற்கு நாம் வாங்கிய திட்டு ஞாபகம் இருக்கிறதா? அதே கெமிஸ்ட்ரி படித்தவன்தான் நான்.

தொட்டிக்கென்று தனி ஆர்.ஓ. வாங்கி, கடைசியில் அயனி நீக்கும் ரெசின் குழாயும் மாட்டினேன். எங்கள் போர் தண்ணீர் 900. ஆர்.ஓ.வின் சவ்வான மெம்பிரேனைத் தாண்டினால் 20, ரெசின் தாண்டினால் பூஜ்யம். பச்சை முடி இரண்டு மாதத்தில் கொட்டியது.

கதை முடிந்தது என்று நினைத்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டிக்கொண்டே இருக்க, மறுபடி பழுப்புப் படலம்! அது மணலிலும் கல்லிலும் இருக்கும் சிலிகாவில் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டம் என்ற நுண்பாசி. இங்கே கருங்கல் பூமி, போர் தண்ணீரில் சிலிகா கரைந்துதான் வரும். ரெசின் தளரும்போது முதலில் நழுவுவது அதுதான். அது தண்ணீரில் பெரும்பாலும் மின்னூட்டமில்லாமல் கரைந்திருப்பதால், மின்கடத்தலை வைத்துக் கணக்கிடும் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. இப்போது மீட்டரை நம்பாமல், இத்தனை லிட்டர் ஓடினால் ரெசின் மாற்றுவது என்று காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

அப்புறம் நான் செய்த பெரிய முட்டாள்தனம். சுத்தம் தலைக்கேறி, மருந்து போட்டுப் போட்டு நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் பூஜ்யமாக்கினேன். பாறை மேல் சளி மாதிரி ஒன்று, ஊடே குமிழி குமிழியாக. டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். போட்டி போட வேறு பாசி இல்லாத இடத்தில் அதற்குத்தான் ராஜ்யம். அதைத் தின்ற நத்தைகள் வரிசையாகச் செத்தன. மருந்தை நிறுத்தி, மீனுக்குக் கூடுதலாகத் தீனி போட்டுத்தான் மீட்டேன். இப்போது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 பக்கத்தில். கண்ணாடியில் லேசான பச்சை இருக்கிறது. இருக்கட்டும்.

ஒரு உறுத்தல் மட்டும் போகவில்லை. ஆர்.ஓ.வில் ஒரு லிட்டர் எடுக்க மூன்று லிட்டர் வீண் தண்ணீர். 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று பாலாற்றைக் கேலி பேசும் ஊரில், நாலு மீனுக்காக இது. அந்தத் தண்ணீர் 1200 இருக்கும், செடிக்கு ஆகாது. வீடு துடைக்க, டாய்லெட்டுக்கு என்று டிரம்மில் பிடிக்கிறோம். வீட்டில் பாட்டும் கேட்கிறேன்.

தூத்துக்குடியில் தெரிந்தவர் பவளக்கல் தருவார் என்று எழுதியிருந்தாய். வேண்டாம்டா. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது பவளப்பாறை. செத்த கல்லானாலும் அதே சட்டம்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு வருகிறாய் அல்லவா? உங்கள் சிறுவாணித் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வா, மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணைப் பார்த்து நான் வயிறெரிந்தால் கண்டுகொள்ளாதே. உனக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
முரளி