வெள்ளக் குப்பை அகற்றும் பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு ஆலய பரிபாலன சபையின் அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி கங்கை பெருகித் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்ததில், எங்கள் வீதிகளும் ஆலய வளவும் சேற்றாலும் முறிந்த மரங்களாலும் மூடிக் கிடந்தன. அவற்றை அகற்றும் வேலை முடிந்துவிட்டது. மடப்பள்ளிக் கூரையும் போட்டாயிற்று.

முதல் இரண்டு நாளும் பிழை விட்டோம். வீதி திறந்தால் போதும் என்று எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி வடிகான் ஓரத்தில் கொட்டினோம். மறுபடி மழை பெய்ய, தண்ணீர் ஓட வழியில்லாமல் தெற்கு வீதி முற்றங்களில் நின்றது. அந்த வீட்டாரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம், இங்கும் கேட்கிறோம்.

அப்புறம்தான் பிரித்து அள்ளத் தொடங்கினோம். கொப்பும் மட்டையும் விறகுக்கும் பசளைக்கும் போயின. உடைந்த கல்லும் ஓடும் தேர் வீதிப் பள்ளத்தை நிரப்பின. பற்றரி, கிருமிநாசினிப் போத்தல்களைத் தனியாகக் கட்டிப் பிரதேச சபையிடம் கொடுத்தோம். ஒன்றையும் எரிக்கவில்லை.

உடைந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குத்தான் அதிகம் பயந்தோம். அதன் தூசு நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம். நனைத்து, மேலும் உடையாமல் தூக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றினோம். முகக்கவசம் முடிந்த அன்று எங்கள் இளைஞர்களை அந்த வேலையில் இறக்கவில்லை. வேலை பிந்தியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்காரர் நிற்காமல் ஒரு சாமானையும் தூக்கக்கூடாது என்று சொன்னது சிலருக்குச் சினமாக இருந்தது. உழவு இயந்திரம் வாடகைக்கு நிற்கும்போது காத்திருப்பது கஷ்டம்தான். ஆனால் குப்பையென்று உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப்போன ஒரு துருப்பிடித்த றங்குப் பெட்டிக்குள் ஓர் அம்மாவின் காணி உறுதி இருந்தது. இடம்பெயர்ந்த காலமெல்லாம் அவர் கையோடு கொண்டு திரிந்த உறுதி. அதை வசந்த மண்டபத்தில் தாள் தாளாகப் பிரித்து நிழலில் காயவைத்தோம். அன்றைக்குப் பிறகு யாரும் அவசரப்படுத்தவில்லை.

கிணறுகளில் இன்னும் வேலை இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை ஓயாமல் இறைத்து உப்பு மேலேறிய அனுபவம் உண்டு. அதனால் கடலோர வீட்டார் மோட்டரை நீண்ட நேரம் ஓட விடவேண்டாம். குளோரின் இட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொல்லும்வரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள். சிரட்டை, பழைய டயர் எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், நுளம்பு பெருகும்.

வரவு செலவு விபரம் ஆலய அறிவித்தல் பலகையில் உள்ளது. பற்றுச்சீட்டுகளைப் பார்க்க விரும்புவோர் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் பொருளாளரிடம் கேட்கலாம்.

இங்ஙனம்,
பரிபாலன சபையினர்